73 கோரிக்கைகளும் ஒரு பாமினி கோப்பும்

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை, இப்போது எல்லா இடத்திலும் பயன்படும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றை நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலைதான் நேரம். போன வருடம் கிட்ஹப்பில் (நிரலை வைத்து, கோரிக்கைகளையும் வாங்கும் இணையதளம்) எண்ணிப் பார்த்தால் 73 புது வசதிக் கோரிக்கைகள் நின்றன. பாதிக்கு மேல் ‘நல்ல யோசனை, பார்க்கிறோம்’ என்று நானே பதில் போட்டிருந்தேன். பார்க்கவில்லை.

கட்டைவிரல் (லைக்) அதிகம் வாங்கிய கோரிக்கையை முதலில் செய்வோம் என்று ஆரம்பித்தோம். டார்க் மோடு (கருப்புப் பின்னணித் திரை) ஜெயித்தது. செய்து கொடுத்தோம், ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. சரி, போகட்டும்.

அப்புறம் கோரிக்கைப் படிவத்தில் ‘என்ன வசதி வேண்டும்?’ என்பதைத் தூக்கிவிட்டு, ‘கடைசியாக எந்த வேலையில் மாட்டிக்கொண்டீர்கள்? ஒரு பத்தியை ஒட்டுங்கள்’ என்று போட்டோம். பழைய ஆட்களிடமும் அதையே கேட்டோம்.

டிடிபி வேலை செய்யும் ஒருவர், தேர்ந்தெடுத்த வரியை மட்டும் மாற்ற ஒரு பட்டன் கேட்டிருந்தார். அவர் ஒட்டிய பத்தியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் ‘தமிழ்’ தெரியும். கோப்புக்குள் கிடப்பது அந்த ஆங்கில எழுத்துகளேதான். நடுவில் நிஜமான ஆங்கிலம் வந்தால் அதையும் எங்கள் மென்பொருள் தமிழாக்கிவிடும். அவருடைய முகவரிப் பட்டியலில் மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் குதறிக் கிடந்தன. பட்டனைக் கொடுத்திருந்தால் மனிதர் வரிவரியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வேர்ட் கோப்பில் எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்ற விவரம் இருக்கிறதே, பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும். துண்டில் நேரடியாக இல்லாமல் ஸ்டைல் (வேர்டில் முன்பே வகுத்துவைத்த வடிவமைப்பு) வழியாக வரும் எழுத்துருவைத் தேடிப் பிடிக்கத்தான் இரண்டு ஞாயிறு போயிற்று. அதோடு இதே தொல்லையை வேறு வேறு பெயரில் சொன்ன நாலு கோரிக்கைகள் மூடின.

மூடுவதில்தான் எனக்குக் கை வராது. ஸ்கேன் படத்தைப் படிப்பது, மொபைல் செயலி இதெல்லாம் எங்களால் ஆகாது. ‘செய்யப்போவதில்லை’ என்று எழுதி, காரணத்தை ஒரு வரியில் சொன்னோம். ‘அப்புறம் எதுக்கு இதை வெச்சிருக்கீங்க?’ என்று ஒருவர் கோபப்பட்டார். இன்னொருவர் எங்கள் நிரலைப் பிரித்து எடுத்துப்போய்த் தானே செயலி செய்யத் தொடங்கினார். இப்போது அவரிடமிருந்து பிழைத்திருத்தங்கள் வருகின்றன.

இன்றைக்கு 19 நிற்கின்றன. ஒன்று நான் போட்டது. படிவத்தை நிரப்பவில்லை என்று கூட்டாளி அதை மூடப் பார்க்கிறார்.