மனைவி எழுதித் தரவேண்டிய கடிதம்

யாழ்ப்பாணத்தில் பாஷையூருக்கு ஃபோன் எடுத்து, "அம்மா, தியாக்கோன் பட்டத்துக்குப் படிக்கப் போறன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டா: "அப்ப பெஞ்சாதி பிள்ளையளை என்ன செய்யப் போறாய்?"

அம்மாவில் பிழையில்லை. தியாக்கோன் என்றால் கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம். ஊரில் நான் கண்ட தியாக்கோன்மார் எல்லாரும் குருமடத்துப் பெடியள். கொஞ்ச மாதத்தில் கலியாணமே கட்டாத சுவாமியாகிவிடுவார்கள். கலியாணம் கட்டினவரும் நிரந்தரத் தியாக்கோனாகலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வழி திறந்ததையும், ஆறாம் பவுல் பாப்பரசர் 1967இல் அதற்கு விதிகள் தந்ததையும் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தபிறகுதான் நானே அறிந்தேன். எங்கள் பங்கில் அப்படி ஒருவர் இருந்தார், இத்தாலிக்காரர். ஞானஸ்நானம் கொடுப்பார், கலியாணம் முடித்துவைப்பார், பிரசங்கம் வைப்பார். பூசை வைக்கேலாது, பாவசங்கீர்த்தனம் கேட்கேலாது. மாமாவை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் நல்ல மழை. ஒரு கையில் செபப்புத்தகம், மற்றக் கையில் மாமிக்குக் குடை. தான் முழுக்க நனைந்துபோய் நின்றார். வாசித்தது ஒன்றும் எனக்கு நினைவில்லை. அந்தக் குடை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

வகுப்பு கிங்ஸ்டன் வீதியில், ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி நிற்கிற புனித அகுஸ்தீன் குருமடத்தில். நாலு வருடம். இரவு வேலை முடித்துவந்து ஆங்கிலத்தில் இறையியல் கட்டுரை எழுதுவது தனிக்கதை, இப்ப வேண்டாம்.

திருச்சபைச் சட்டம் 1031இன்படி கலியாணம் கட்டினவருக்கு 35 வயது நிரம்பியிருக்கவேண்டும், மனைவியும் சம்மதிக்கவேண்டும். வயது எப்பவோ தாண்டிவிட்டது. சம்மதத்தை அவ தன் கைப்பட எழுதித் தரவேண்டும் என்றார்கள். அவ குசினியில் விளைமீன் செதில் சுரண்டிக்கொண்டு நிற்கும்போது மெல்லக் கதையை எடுத்தேன். பட்டம் வாங்கினபிறகு மனைவி காலமானால் மறுமணம் இல்லை என்ற விதியையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப நான் செத்தா நீங்கள் திரும்பக் கட்டேலாது?"

"ஓம். பாப்பரசர் விலக்குத் தந்தால்தான்."

"நல்ல சட்டம்" என்றுவிட்டு மீனைத் திருப்பிப்போட்டா.

அதோடு பேச்சு முடிந்தது. வெறுந்தாள் மூன்று கிழமை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கியது. ஒவ்வொரு விடியவும் பால் எடுக்கிற சாட்டில் எட்டிப்பார்ப்பேன். "எழுதும்" என்று நெருக்க மனம் வரவில்லை. நெருக்கி வாங்கினால் அது சம்மதமா?

ஒருநாள் வேலையால் வர, தாள் இருபக்கமும் நிரம்பியிருந்தது. தமிழில். மகள்தான் ஆங்கிலத்தில் மாற்றினாள். கடைசி வரியை மட்டும் "இதையும் போடவா?" என்று கேட்டாள்.

"இவருக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது. நான் முந்திப் போனால் தனியச் சமைத்துச் சாப்பிட வேண்டி வரும். அதையும் நீங்களே படிப்பித்து விடுங்கோ."

போடச் சொன்னேன். நேர்முகத்தில் அதை வாசித்த ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இறையியலில் ஒன்றும் கேட்காமல், "சோறாவது வடிப்பீரா?" என்றார்.

இப்ப ஞாயிறு பூசை முடிந்துவந்தால் மீன்குழம்பு என் பொறுப்பு. போன கிழமை புளி கூடிப்போய்விட்டது. அவ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டா.