பல்லைப் பார்த்து மீனின் சாப்பாட்டைச் சொல்ல முடியாது

ஒரு மீன் என்ன தின்னும் என்று தெரிந்துகொள்ள நாம் முதலில் அதன் வாயைத்தான் பார்க்கிறோம். கூர்மையான பல் இருந்தால் இறைச்சி, தட்டையாக இருந்தால் பாசி. ஆனால் ஒரு மீன் இனம் பரிணாமத்தில் சைவத்துக்கு மாறுகிறது என்றால் பெரிய வேலை நடப்பது வாயில் இல்லை, குடலில்தான்.

பாசியைக் கடித்து விழுங்குவது பெரிய விஷயமே இல்லை. விழுங்கியதிலிருந்து உயிர் வாழும் அளவுக்குச் சத்தை எடுக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். அதில் புரதம் குறைவு, கொழுப்பு அதைவிடக் குறைவு, மாவுச்சத்தும் செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும். கடல் மீன்களில் செடியையும் பாசியையும் நம்பி வாழ்பவை சிறுபான்மையாக இருப்பதில் ஆச்சரியமில்லை, அவற்றிலும் பெரும்பகுதி வெப்பக் கடல்களில்தான்.

இதற்கு நல்ல உதாரணம் கலிபோர்னியாவின் குளிர்ந்த பாறைக் கரைகளில் இருக்கிறது. செபிடிக்திஸ் வயலேசியஸ் என்ற, விலாங்கு போல நீண்ட உடம்புள்ள மீன் அது. குஞ்சாக இருக்கும்போது மிதக்கும் சின்னச் சின்ன உயிரினங்களைத் தின்னும், கொஞ்சம் வளர்ந்ததும் பாசிக்கு மாறிவிடும். இதைப் பல வருடங்களாக ஆராய்ந்துவரும் டோனோவன் ஜெர்மனும் அவருடைய குழுவினரும் 2020இல் இதன் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களாகப் பெருகியிருந்தது. நம் உமிழ்நீரிலும் அமைலேஸ் உண்டு, மனிதர்களுக்கும் அதன் மரபணு பல நகல்களாக இருக்கிறது, மாவுச்சத்தை நம்பி வாழும் இரண்டு உயிர்கள் இவ்வளவு தூரம் பிரிந்த பிறகும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. கொழுப்பை உடைக்கும் ஒரு நொதியின் மரபணுவும் அந்த மீனில் பெருகியிருந்தது. எனக்கு அமைலேஸைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பாசியில் இருக்கும் அந்தத் துளிக் கொழுப்பை வீணாக்காமல் எடுக்க இது உதவும். அதே குடும்பத்தில் சிஃபிஸ்டர் மியூகோசஸ் என்ற இன்னொரு மீனும் தனியாகப் பாசி உணவுக்கு மாறியிருக்கிறது, அதிலும் அமைலேஸ் அதிகம்தான்.

சரி, சுறாவுக்கு வருவோம். சுறா புல் தின்னும் என்றால் யார் நம்புவார்கள்? கொம்பன் சுறா குடும்பத்தில் பானட்ஹெட் என்று சின்னதாக ஒன்று அமெரிக்கக் கரைகளில் இருக்கிறது. அதன் வயிற்றில் சில நேரம் பாதிக்கு மேல், 62 சதவீதம் வரைகூடக் கடற்புல் இருந்தது. நண்டைப் பிடிக்கும்போது தவறி உள்ளே போயிருக்கும் என்று நினைத்திருந்தார்கள். 2018இல் ஆய்வாளர் சமந்தா லீயின் குழுவினர் பிடித்துவைத்த சுறாக்களுக்கு 90 சதவீதம் கடற்புல்லும் மிச்சம் கணவாயுமாக மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சுறாக்கள் எடை கூடின, தின்ற புல்லில் ஏறக்குறைய பாதி செரித்தும் இருந்தது. நண்டு ஓட்டை நொறுக்குவதற்கான பல், ஆனால் குடல் புல்லையும் செரிக்கிறது!

எல்லா மீனும் தன் நொதியை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. கைபோசஸ் வகை மீன்கள் கடற்பாசியைப் பின்குடலில் நுண்ணுயிர்களை வைத்து நொதிக்கவிடுகின்றன, குதிரை செய்வது போலத்தான். செங்கடலின் சர்ஜன் மீன் ஒன்றின் குடலில் 1985இல் கண்டுபிடித்த எபுலோபிசியம் என்ற உயிர் அரை மில்லிமீட்டருக்கும் மேல் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். இவ்வளவு பெரியது பாக்டீரியாவாக இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அது பாக்டீரியாதான் என்று 1993இல் நிரூபணமானது. கிளிமீனுக்கோ இரைப்பையே கிடையாது. தொண்டையில் இருக்கும் இரண்டாவது தாடை பாறைத்துகளோடு சேர்த்து எல்லாவற்றையும் அரைத்துவிடும், அந்தத் தூள்தான் வெளியே வந்து பவளத்தீவுகளின் வெள்ளை மணலாகச் சேர்கிறது. அது உண்மையில் தேடுவது பாசியை அல்ல, பாறையில் ஒட்டியும் உள்ளேயும் வாழும் புரதம் மிகுந்த நுண்ணுயிர்களை என்று கெண்டல் கிளெமென்ட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அதனால்தான் இவற்றையெல்லாம் 'தாவர உண்ணி' என்று ஒரே கூடையில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் பெல்வுட், ஹியூஸ், ஹோய் என்ற மூன்று ஆய்வாளர்களும் பவளப்பாறையின் ஒரு பகுதியைக் கூண்டு போட்டு மூன்று வருடம் மீன்கள் வராமல் தடுத்தார்கள். சர்காசம் பாசி காடாக வளர்ந்தது. கூண்டை எடுத்த பிறகு கேமரா வைத்துப் பார்த்தால், கிளிமீனும் சர்ஜன் மீனும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காட்டைச் சில வாரங்களில் தின்று அழித்தது பிளாட்டாக்ஸ் பின்னாட்டஸ் என்ற மீன், அதுவரை முதுகெலும்பில்லாத சிற்றுயிர்களைத் தின்னும் என்று நினைத்திருந்த மீன். 2006இல் வெளிவந்த ஆய்வு இது. பவளப்பாறையைப் பாசி மூடிவிடாமல் காக்க மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாடு 2009இல் கிளிமீனையும் சர்ஜன் மீனையும் பிடிக்கத் தடை போட்டது, மிக நல்ல காரியம், மற்ற நாடுகளும் செய்ய வேண்டும். ஆனால் ஆர்ஃபியஸ் தீவில் பிடிக்கக் கூடாத மீன்களுக்கு அப்படி ஒரு பட்டியல் அன்றைக்குப் போட்டிருந்தால் பிளாட்டாக்ஸின் பெயர் அதில் வந்திருக்காது.