வெள்ளி வயரும் பச்சைக் களிம்பும்

வெள்ளி வயர் போட்டால் பாட்டு தெளிவாகக் கேட்கும் என்ற பேச்சை நம்பி, யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் ஒரு பத்தரிடம் போய், அரை மில்லிமீற்றர் கனத்தில் சுத்த வெள்ளிக் கம்பி நாலு மீற்றர் இழுத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். "அரைஞாண்கொடிக்கோ தம்பி?" என்றார். பாட்டுப்பெட்டியை ஆம்பிளிபயரோடு இணைக்கும் வயருக்கு என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். நிறுத்தால் எட்டேகால் கிராம், ஒரு பவுனுக்குச் சற்று மேல். வெள்ளி என்பதால் வீட்டில் சமாளித்துவிட்டேன்.

செம்பு கலந்த 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்குதான் வெள்ளி) வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். கலப்பு ஏறினால் கடத்துதிறன் இறங்கிவிடும். கம்பியை மின்காப்புக்காக டெஃப்லோன் பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, நுனிகளில் பொன்முலாம் பூசிய ஆர்சிஏ பிளக்குகளை (ஆம்பிளிபயரில் செருகும் வகை) பற்றவைத்தேன். இடம், வலம் என ஒரு மீற்றரில் ஒரு சோடி வயர், ஒவ்வொன்றிலும் போகவர இரண்டு கம்பி.

முதல் இரவு அசந்துபோனேன். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவொன்றைப் போட்டால், வலந்தலைச் (தவிலின் வலப்பக்கம்) சொற்கள் தனித்தனியாக விழுகின்றன. இடப்பக்க ஸ்பீக்கரில் நெடுநாளாக இருந்த கரகரப்பும் இல்லை. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, இப்ப பழைய வயரைப் போடு பாப்பம்" என்றான். போட்டேன். அதிலும் கரகரப்பு இல்லை! அப்படியே விட்டுவைத்தேன், மூன்றாம் நாள் கரகரப்பு திரும்பி வந்தது.

பழைய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நிக்கல் பூச்சு தேய்ந்து, பித்தளையில் பச்சைக் களிம்பு. வீடு பாசையூர்க் கடற்கரைக்கு நாலு ஒழுங்கை தள்ளி. உப்புக்காற்று யன்னல் கொண்டியையே தின்கிறது, பிளக்கை விடுமா? ஏழு வருசமாகக் கழற்றாததைக் கழற்றிச் செருகிய உராய்வில் களிம்பு கொஞ்சம் விலகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பழைய செம்பு வயருக்கும் அதே பொன்முலாம் பிளக்குகளைப் போட்டு, சொக்கெற்றுகளை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒழுங்காகச் சோதித்தோம். மச்சான் அலுமாரிக்குப் பின்னால் நின்று காசு சுண்டுவான். தலை விழுந்தால் வெள்ளி, பூ விழுந்தால் செம்பு. நான் சுவரைப் பார்த்தபடி எது என்று சொல்ல வேண்டும். 16 தடவையில் 9 சரி. சும்மா ஊகித்தாலே 8 வரும். 12 வந்திருந்தால் என் காதை நம்பியிருப்பேன்.

அப்புறம் கணக்குப் பார்த்தேன். செம்பைவிட வெள்ளியின் தடை ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைவு. என் வயரில் போய்வரும் தடை 0.16 ஓம், அதே கனச் செம்பென்றால் 0.17. அது போய்ச் சேரும் ஆம்பிளிபயரின் உள்ளீட்டுத் தடையோ 22,000 ஓம்; அதற்கு முன்னால் இந்த வித்தியாசம் ஒன்றுமேயில்லை. தங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை: அதன் தடை செம்பைவிட 45 சதவீதமளவு கூட. தங்கத்தில் வயர் செய்வது காசைக் கொட்டி மோசமான கடத்தி வாங்குகிற விசர் வேலை. ஆனால் தங்கத்துக்குக் களிம்பு பிடிக்காது; பிளக்கின் மேல்தோலாக இருந்தால் போதும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். குழாய்க்கு வெளியே நின்ற நுனி இப்போதே பழுப்பு.

கம்பியைப் பத்தரிடம் திருப்பிக் கொண்டுபோனேன். "ஈயம் பட்ட நுனியளை வெட்டிப்போட்டுக் கொண்டுவாரும் தம்பி, ஈயம் சேர்ந்தால் வெள்ளி உடையும்" என்றார். மிச்சத்தில் மச்சானின் கைக்குழந்தைக்கு ஒரு சோடி காப்பு அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.