உம் கஃபின்

நாங்கள் லண்டனுக்கு வந்தது 2009 நவம்பரில். கென்டிஷ் டவுனில் இரண்டாவது மாடி வீடு. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அவர் வேலைக்கும் பெரியவள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின், கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன். மதுரையில் வாசலில் கோலம் போட்டு முடிப்பதற்குள் நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போவார்கள். இங்கே முதல் மூன்று மாதத்தில் வெளியாளிடம் நான் வாய்விட்டுச் சொன்னது பஸ் டிரைவருக்கு ஒரு தேங்க்யூ, அவ்வளவுதான்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். ஒருநாள் படியில் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஒன்றை நான் தூக்கினேன். உள்ளே ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகளும், சிவப்பு நூலில் பூவேலை செய்த சின்னச் சின்னப் பைகளும். சனிக்கிழமை கடை போடப் போகிறோம், வந்து உட்காருகிறாயா என்று கேட்டார். எங்கள் காம்டன் பகுதி மக்களுக்கும் பாலஸ்தீனத்தில் அபு தீஸ் என்ற ஊர்க்காரர்களுக்கும் நட்பு வளர்க்கிற சங்கமாம். எனக்குத் தெரிந்த பாலஸ்தீனம் யாசர் அரஃபாத்தின் கட்டம்போட்ட தலைத்துணி மட்டும்தான். உண்மையைச் சொன்னால், நியாயம் கேட்டு நான் போகவில்லை. பேச்சுத்துணைக்குப் போனேன்.

அபு தீஸ் ஜெருசலேமுக்குக் கிழக்கே, பழைய நகரத்திலிருந்து மூன்று, நாலு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, தொழுகை எல்லாமே ஜெருசலேம். இஸ்ரேல் எழுப்பிய கான்கிரீட் சுவர், 8 மீட்டர் உயரம், ஊர்த் தெருவையே குறுக்கே அடைத்தது. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆக்கிரமிப்புப் பகுதிக்குள் கட்டும் இந்தச் சுவர் சட்டவிரோதம் என்றது. சுவர் அப்படியே நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், ஜெருசலேமில் இருப்பவர்களுக்கு நீல அடையாள அட்டை, இந்தப் பக்கம் அபு தீஸில் பெரும்பாலானவர்களுக்குப் பச்சை. பச்சை அட்டைக்காரர் ஜெருசலேமுக்குள் போக இஸ்ரேலிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு ஒரு நிறம் என்று இருக்கிற வீடுகளும் உண்டு.

சங்கத்தில் கூட்டம் போடுவார்கள், மனு எழுதுவார்கள். அதில் எனக்குப் பெரிய பிடிப்பு வரவில்லை. ஆனால் அங்கிருந்து மாணவர்களையும் பெண்களையும் வரவழைத்து, அவரவர் வீட்டில் தங்க வைப்பார்கள். அது பிடித்தது. ஒருமுறை ஆறு பெண்கள் வருவதாக இருந்தது, நாலு பேருக்குத்தான் விசா கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பேருக்குப் பாய் தலையணை எடுத்து வைத்திருந்தேன். ஒருவர்தான் வந்தார். மற்ற தலையணையைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது, முகம் தெரியாத ஆளுக்காக அழுகை வந்தது.

வந்தவரும் டீச்சர்தான். மறுநாள் காலை பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பச்சையாக ஒரு பொடி, ஸாத்தர். ரொட்டியைப் பிட்டு முதலில் எண்ணெயில் தோய்த்தார், அப்புறம் பொடியில். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே போய் இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்து வந்து, குழைத்துத் தொட்டுக் காட்டினேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தால்.

அவர்கள் ஊரில் தாயைப் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நம் பக்கத்தில் ‘குமார் அம்மா’ என்பதுபோல. உம் என்றால் அம்மா. அரபியில் ‘வ’ சரியாக வராது, அதனால் நான் உம் கஃபின் ஆனேன். மூத்தவள் மகள்தானே, அவள் பெயரைச் சொல்லக்கூடாதா என்றேன். பையன் இருந்தால் பையன் பெயர்தான் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு இன்னும் அதில் வருத்தம்.

2018 அக்டோபரில், ஆலிவ் பறிப்பு நேரத்தில், நான் அங்கே போனேன். உள்ளே நுழையும் இடத்தில் யாரைத் தெரியும், எதற்கு வந்தாய் என்று இரண்டு மணி நேரம் கேட்டார்கள். அது போகட்டும். மரத்தடியில் படுதா விரித்து, பிளாஸ்டிக் சீப்பால் கிளையை வாரிவிட வேண்டும். நான் ஆர்வக்கோளாறில் கம்பை எடுத்து ஒரு கிளையை அடித்தேன். எங்கள் வீட்டில் தங்கிய டீச்சரின் மாமியார் ஓடிவந்து கம்பைப் பிடுங்கினார். அடித்தால் இளங்கிளை ஒடிந்து அடுத்த வருஷக் காய்ப்பு போய்விடுமாம். உள்ளங்கையெல்லாம் கறுத்து, மரமிய்யா இலை போட்ட தேநீரின் வாசனையையும் மீறி ஆலிவ் வாசம்.

அவர்கள் மொட்டைமாடியில் நின்றால் ஜெருசலேம் பழைய நகரத்தில் முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தின் தங்க நிறம் தெரிகிறது. டீச்சர் அங்கே போய்ப் பல வருஷமாகிறது. மூன்றாம் நாள் என்னிடம், “நீ போய்விட்டு வரலாமே” என்றார். என் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர் பிறப்பதற்கு முன்பே அவர் தாத்தா காய்கறி விற்ற ஊருக்குள், வந்து மூன்றே நாளான நான் போகலாம். எதுவும் வேண்டுமா என்று கேட்டேன். பழைய நகரத்தின் டமாஸ்கஸ் வாசல் பக்கம் எள் தூவிய நீளவட்ட ரொட்டி, கஅக், விற்பார்கள், இரண்டு வாங்கி வா, கூடவே காகிதத்தில் ஸாத்தர் மடித்துத் தருவார்கள், கேட்டு வாங்கு என்றார்.

வாங்கினேன். சூடாக இருந்தது. திரும்பும் பஸ் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது, வழியில் நின்று நின்று. வீட்டுக்கு வந்து கொடுத்ததும் டீச்சர் ரொட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஆறிப்போச்சு” என்றார். “அப்பா வாங்கி வரும்போது சுடும். கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவோம்.”

பிறகு ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார்.

2023 அக்டோபரில் காஸாவில் போர் தொடங்கிய பிறகு பாதையெல்லாம் அடைத்துவிட்டார்கள், தோப்புக்குப் போக முடியவில்லை என்று குரல்செய்தி அனுப்பினார். பின்னணியில் மாமியார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவும் அதற்குப் பின் போகவில்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போன ஒருவரிடம் அரைக் கிலோ இட்லிப்பொடி கொடுத்தனுப்பினேன், மிளகாயைப் பாதியாகக் குறைத்து அரைத்தது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தயிரில் குழைத்துச் சாப்பிடுகிறார்களாம். மாமியாருக்குப் பிடித்துவிட்டதாம். “ஆனால் உம் கஃபின், அந்தப் பழைய காரம் எங்கே போச்சு?”