தனியாக இறங்கும் கோடு

மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் பக்கம் எங்களைச் சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ரப்பர் இருந்த காலத்தில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு கட்டியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் நான் வேலை பார்க்கும் பால் பண்ணை. 38 கறவைகள், பெரும்பாலும் பிரீசியனும் சாஹிவாலும் கலந்த மாஃப்ரிவால். தீனிக்குச் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் நேப்பியர் புல்லும்.

மாடுகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி இரண்டு வருடமாகிறது. பட்டையில் இருக்கும் சின்னப் பெட்டி கழுத்தின் அசைவை உணர்கிறது. மேயும்போது கழுத்து ஆடும் விதம் வேறு, படுத்து அசைபோடும்போது வேறு. நல்ல மாடு நாளைக்கு 7, 8 மணி நேரம் அசைபோடும். மடிநோயோ, கன்று போட்டபின் தீனிச் சக்தி போதாமல் வரும் கீட்டோசிஸோ, பல நேரம் பால் குறையும் முன்பே இந்தக் கணக்கு இறங்கிவிடும். என்ன நோய் என்று மட்டும் பட்டை சொல்லாது. பருவத்துக்கு வந்த மாடும் அசைபோடுவதைக் குறைக்கும். ஆனால் அதன் நடமாட்டம் கூடியிருக்கும்.

தொல்லை வெயிலால் வந்தது. மத்தியானப் புழுக்கத்தில் எல்லா மாடும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், எதுவும் அசைபோடாது. அசைபோடும் கணக்கு இறங்கினால் பட்டையின் செயலி கைப்பேசியில் எச்சரிக்கும். அதனால் கைப்பேசி கத்திக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் 11 எச்சரிக்கை வந்தபோது சத்தத்தை அணைத்துவிட்டேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் செவலை என்ற மாட்டுக்கு மடிநோய் வந்தது. சாயங்காலக் கறவையில் தாத்தா கூப்பிட்டார். அவர் எனக்குச் சொந்தமில்லை, பண்ணையில் எல்லோருக்கும் தாத்தா.

"தம்பி, இவ காது சில்லுனு இருக்கு பாரு."

உடம்புச் சூட்டைப் பார்த்தால் 40.6 டிகிரி. மாட்டுக்கு 38.5தான் சாதாரணம். பின்பக்க வலது காம்பைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சினால் மஞ்சள் தண்ணீர், திப்பி திப்பியாக. அப்புறம்தான் செயலியைத் திறந்தேன். மற்ற மாடுகளின் அசைபோடும் கோடுகள் மத்தியானம்தான் இறங்கியிருந்தன. செவலையுடையது ராத்திரி இரண்டு மணிக்கே. டாக்டர் வந்து ஊசி போட்டார். மருந்துக் கெடு, அதாவது பாலில் மருந்து தங்கியிருக்கும் நாட்கள், முடியும் வரை அதன் பாலைச் சாக்கடையில் ஊற்றினோம். மாடு பிழைத்தது, அந்தக் காம்பு பிழைக்கவில்லை.

தாத்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் கொட்டகையைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "பத்து மாடு படுத்திருக்கிற எடத்துல ஒண்ணு மட்டும் ஏன் நிக்குதுன்னு பாக்கணும். எல்லாம் நின்னா அது வெயிலு."

செயலியிலும் அதற்கு ஒரு பக்கம் இருந்தது: மந்தையின் சராசரிக் கோடும் ஒரு மாட்டின் கோடும் பக்கத்தில் பக்கத்தில். இத்தனை மாதமாக நான் அதைத் தொட்டதே இல்லை. இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு, பசியாறுவதற்கு முன், அதைத்தான் பார்க்கிறேன். ராத்திரிக் கணக்கில் வெயிலின் குழப்பம் குறைவு. இப்படிப் பார்த்து ஒரு மாட்டின் குளம்புப் புண்ணை நொண்டுவதற்கு முன்பே பிடித்தோம். இன்னொன்றுக்கு நோயே இல்லை, பட்டைதான் தொளதொளவென்று தொங்கியது. தாத்தா ஆணியால் புதுத் துளை போட்டுச் சரிசெய்தார்.

செவலை இப்போது மூன்று காம்பில் கறக்கிறது. கறவை இயந்திரத்தின் நாலாவது குழாயை அடைக்க ஒரு ரப்பர் தக்கை வாங்கி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அது எங்கே கிடக்கிறது என்று தேடுவது என் வேலை.