சுவைத்த பின் பேசுவது

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதிக்குப் பயணிகளைக் காலையில் அழைத்துச் சென்று, ஒயின் தயாராகும் இடங்களைக் காட்டி, அங்கேயே சிறிது சிறிதாகச் சுவைக்க வைத்து, மாலையில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. இந்த வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்: வழிகாட்டி குவளையை உயர்த்தி முகர்ந்து, செர்ரிப் பழம் தெரிகிறது, மிளகு தெரிகிறது, முடிவில் புகையிலையும் தெரிகிறது என்று அடுக்கிக்கொண்டே போக, சுற்றி நிற்பவர்கள் வியப்புடன் தலையசைப்பார்கள் என்று எண்ணுகிறார்கள். இந்தப் பணியில் நீண்ட காலம் இருந்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதற்கு நேர் எதிரானது. விருந்தினர் தாமாக ஒன்றை உணர்ந்து சொல்லும் வரை, வாசனையைப் பற்றியோ சுவையைப் பற்றியோ வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. எத்தனையோ செய்திகளை அறிந்து வைத்துக்கொண்டு, அவற்றைச் சொல்ல வேண்டிய நேரம் வரும் வரை வாய்மூடி இருப்பதே இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான பகுதி.

இதை வெறும் அடக்கத்தினால் சொல்லவில்லை. மனித மூக்கு எவ்வளவு எளிதில் பிறர் பேச்சுக்கு இணங்கிவிடும் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பைப் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களை வைத்து நடத்தப்பட்ட சோதனை ஒன்று 2001இல் வெளியானது. மணமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை அவர்களுக்குக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சொற்களைக் கொண்டே அதன் வாசனையை அவர்கள் விவரித்தார்கள். அதையே தொழிலாகக் கற்றுவந்தவர்களின் மூக்கைக் கண் அவ்வளவு எளிதாகத் திசைதிருப்பியது என்றால், முதல் முறையாக ஒரு தோட்டத்துக்கு வந்திருக்கும் விருந்தினரின் மூக்கை, நம்பிக்கையான குரலில் பேசும் ஒரு வழிகாட்டி என்னதான் செய்துவிட மாட்டார்? நான் செர்ரி என்று சொன்ன மறுகணமே பேருந்து முழுவதும் செர்ரியை முகர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் சுவைப்பது ஒயினை அல்ல, என் சொல்லை.

ஆகவே நாளை ஒழுங்குபடுத்துவதிலிருந்தே கவனம் தொடங்குகிறது. எத்தனை இடங்களுக்குப் போவது என்பதில் நிறுவனங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. இடங்கள் கூடினால் விளம்பரம் கவர்ச்சியாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் விளைவு தெரியும். ஓரிடத்தில் ஐந்து வகைகள், ஒவ்வொன்றும் 30 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து இடங்களில் ஒருவர் அருந்துவது 750 மில்லிலிட்டர், அதாவது ஒரு முழுப் புட்டி. அதில் 13 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால், ஏறத்தாழ 77 கிராம் தூய ஆல்கஹால் உடலுக்குள் போயிருக்கும். ஒரு மணி நேரத்தில் கல்லீரல் கையாளக்கூடியதோ சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான். நான்காவது இடத்துக்குப் போகும்போது யாருக்கும் எதையும் வேறுபடுத்தி உணரும் திறன் மிஞ்சியிருக்காது. மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வகைகள், நடுவே ஆற அமர ஒரு மதிய உணவு, எல்லா நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் என்பதே நான் விரும்பும் திட்டம். அதற்கு மேல் போகும் பயணம் சுவைக்கும் பயணம் அல்ல, குடிக்கும் பயணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

முதல் இடத்தில் நேராகச் சுவைக்கும் மேசைக்குப் போகாமல், கொடிகளுக்கு அருகில்தான் அழைத்துச் செல்கிறேன். வசந்தத்தில் துளிர்விட்டு, கோடைத் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூக்களைப் பூத்து, பின்னர் பச்சைக் காய்கள் நிறம் மாறி, பூத்ததிலிருந்து ஏறத்தாழ 100 நாட்களில் அறுவடைக்கு வரும் அந்தச் சுழற்சியில் இன்றைய நாள் எங்கே நிற்கிறது என்பதைக் கொடியைக் காட்டியே சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் வருபவர்கள் இலையற்ற கட்டைகளைப் பார்த்து ஏமாற்றமடைவதுண்டு. எனக்கோ கவாத்து செய்யப்பட்ட கொடியைக் காட்டுவதில்தான் அதிக விருப்பம். எத்தனை மொட்டுகளை விட்டுவைப்பது என்று கவாத்து செய்பவர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கும் முடிவு, வரும் பருவத்தில் அந்தக் கொடி எத்தனை குலைகளைத் தாங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

வரிசைகளுக்குள் இறங்கி நடந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று எல்லாக் குழுவிலும் கேட்பார்கள். அனுமதியில்லாமல் கூடாது என்பதற்குக் காரணம் தோட்டக்காரரின் கண்டிப்பு மட்டும் அல்ல. அசுவினிப் பூச்சிக்கு உறவான ஃபைலாக்செரா என்னும் நுண்ணிய பூச்சி, வட அமெரிக்காவிலிருந்து 1860களில் பிரான்சை அடைந்து, வேர்களைத் தாக்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வாக அமைந்தது. இன்று உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் அப்படிப்பட்ட ஒட்டுக்கொடிகள்தான். அந்தப் பூச்சியோ காலணியில் ஒட்டிய மண்ணோடும் வண்டிச் சக்கரத்தோடும் இன்றும் பயணம் செய்யக்கூடியது. ஒட்டுக்கட்டாத பழைய கொடிகள் இருக்கும் தோட்டத்தில் காலணியைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொன்னால், இந்த வரலாற்றைக் கேட்ட பிறகு ஒருவர்கூட முணுமுணுப்பதில்லை. வரிசை முனையில் நிற்கும் ரோஜாச் செடிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நோய் முதலில் ரோஜாவைத் தாக்கிக் கொடிக்கு முன்னெச்சரிக்கை தரும் என்ற விளக்கம் வழிகாட்டிகள் வாயில் நிலைத்துவிட்டது. ஆனால் ரோஜாவைத் தாக்கும் பூஞ்சையும் திராட்சையைத் தாக்கும் பூஞ்சையும் வெவ்வேறு இனங்கள். இரண்டும் பரவ ஏற்ற வானிலை ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அந்த வழக்கம் வந்தது. இப்போது பெரும்பாலும் அவை அழகுக்காகவே வளர்க்கப்படுகின்றன.

ஆலைக்குள் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. கறுப்புத் திராட்சையிலும் பெரும்பாலானவற்றின் சாறு நிறமற்றதுதான், சிவப்பு நிறம் தோலிலிருந்து வருகிறது என்பதை ஒரு பழத்தைப் பிதுக்கிக் காட்டினால் போதும். சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும்போது வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடங்களில் தேங்கி ஆளையே சாய்த்துவிடக்கூடியது. எனவே நொதிக்கும் பருவத்தில் ஆலைப் பணியாளர் அனுமதிக்காத எந்தக் கதவையும் திறக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறேன். ஓக் மரப் பீப்பாய்களுக்கு நடுவே நிற்கும்போது, 225 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாயிலிருந்து ஏறத்தாழ 300 புட்டிகள் கிடைக்கும் என்பதைச் சொல்லிவிட்டு மேசைக்கு அழைத்துப் போகிறேன்.

மேசையில்தான் என் மௌனம் தொடங்குகிறது. முன்கூட்டியே சொல்லவேண்டியவை செய்முறைகள் மட்டுமே. குவளையைத் தண்டில் பிடியுங்கள், கை சூட்டில் ஒயின் வெதுவெதுப்பாகிவிடும். முதலில் அசைக்காமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். சிறிதளவு வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படவிட்டு, மூக்கின் வழியாக மூச்சை வெளியே விடுங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி தொண்டையின் பின்புறமாக மூக்கை எட்டும் வாசனைதான். ஈறுகள் இறுகி வாய் உலர்ந்தது போலிருந்தால், அது தோலிலும் விதையிலும் பீப்பாய் மரத்திலும் இருந்து வந்த டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு சேர்வதால் உண்டாகும் துவர்ப்பு. மெல்லிய வெள்ளையில் தொடங்கி, கனத்த சிவப்பைத் தாண்டி, இனிப்பானதைக் கடைசியில் வைக்க வேண்டும். வரிசை மாறினால் பின்னால் வருவது வெறும் தண்ணீராகத் தோன்றும். மேசையில் இருக்கும் படிக்கத்தில் துப்புவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை என்பதையும், ஒயினை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதையும் முதல் ஆளாகத் துப்பிக் காட்டியே விளக்குகிறேன், நீரைக் கொண்டுதான். பயணத்தின்போது நான் ஒயினை வாயில் வைப்பதே இல்லை. வண்டி ஓட்டும் நாளிலும் சரி, ஓட்டுநர் தனியாக இருக்கும் நாளிலும் சரி, இதில் மாற்றம் இல்லை.

பிறகு காத்திருக்கிறேன். முதல் நிமிடத்தில் பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள்; தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் பெரியவர்களிடம்தான் அதிகம். யாராவது ஒருவர் எலுமிச்சைத் தோல் என்றோ மழையில் நனைந்த கல் என்றோ தொடங்கிவிட்டால், மற்றவர்கள் தாமாகவே திறந்துகொள்வார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகே, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984இல் உருவாக்கிய வாசனைச் சக்கரத்தை எடுத்துக் கொடுக்கிறேன். மலர், பழம், மசாலா, மண் என்று பெரிய வகைகள் நடுவிலும், அவற்றின் உட்பிரிவுகள் வெளிவட்டங்களிலுமாக அமைந்த அந்தப் படம், ஏற்கெனவே உணர்ந்த ஒன்றுக்குப் பெயர் தேட உதவும். உணர்வதற்கு முன் கொடுத்தால் அதுவும் என் பேச்சைப் போலவே திணிப்பாகிவிடும்.

இந்த முறையில் எனக்கு உறுதி ஏற்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு ஆலையில் ஊற்றிக் கொடுத்தவர் தங்கள் சிறந்த சிவப்பு ஒயின் என்று சொல்லி வைத்த குவளையை, அதற்கு முன் ஒயினே அருந்தியிராத பெண்மணி ஒருவர் முகர்ந்துவிட்டு, நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை அடிக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். குழுவில் அனுபவம் உள்ளவர்கள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஊற்றியவர் தாமே முகர்ந்து பார்த்தார்; உடனே அந்தப் புட்டியை அகற்றிவிட்டு வேறொன்றைத் திறந்தார். தக்கை வழியாக ஒயினைக் கெடுக்கும் டிசிஏ என்னும் சேர்மம் அதில் இருந்திருக்கிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், உடலுக்குத் தீங்கில்லை என்றாலும் பழ வாசனையை அடியோடு மறைத்துவிடும். அன்று நான் முந்திக்கொண்டு பிளம் பழம், வனிலா என்று பட்டியலிட்டிருந்தால், அந்தப் பெண்மணி தம் மூக்கை நம்பியிருக்க மாட்டார்; எல்லோரும் கெட்டுப்போன ஒயினைப் பாராட்டிவிட்டுப் புறப்பட்டிருப்போம்.

விருந்தினர்கள் கையோடு கொண்டுவரும் சில நம்பிக்கைகளை மட்டும் நேரடியாகத் திருத்துகிறேன். குவளையின் உட்புறத்தில் வழியும் கோடுகள் தரத்தின் அடையாளம் அல்ல. ஆல்கஹால் வேகமாக ஆவியாவதால் உண்டாகும் பரப்பு இழுவிசை வேறுபாடே காரணம் என்று அறிவியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1855லேயே விளக்கிவிட்டார். சிவப்பு ஒயினில் தலைவலி வருவது, ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டினால்தான் என்பதும் நம்பத்தக்கதல்ல. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராமும் வெள்ளைக்கு 200 மில்லிகிராமும் உச்சவரம்பாக வைத்திருக்கின்றன, ஆக அனுமதிக்கப்படும் அளவு வெள்ளையில்தான் அதிகம்.

குழுவில் குடிக்காதவர்கள் இருப்பதுண்டு. கருவுற்றவர்கள், மருந்து உட்கொள்பவர்கள், விருப்பமில்லாதவர்கள், துணைக்கு வந்தவர்கள் என்று யாராக இருந்தாலும், அவர்களை ஓரத்தில் பழச்சாறோடு உட்கார வைப்பதை நான் ஏற்பதில்லை. முகர்வதற்கு விழுங்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் குவளை வைக்கச் சொல்லி, அவர்களிடமும் கேட்கிறேன். நாள் முழுவதும் தெளிவாக இருப்பவர்கள் அவர்கள்தான் என்பதால், பிற்பகலில் மிக நுட்பமான விடைகள் அவர்களிடமிருந்தே வருகின்றன. காரணத்தை மட்டும் எவரிடமும் கேட்பதில்லை; அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வைப்பது வழிகாட்டிக்கு அழகல்ல.

கடைசி இடத்தில், ஆலையினர் இசைந்தால், புட்டிகளைத் துணியால் மூடிப் பெயர் தெரியாமல் சுவைக்கச் செய்கிறேன். 1976 மே 24 அன்று பாரிசில் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்த மறைமுகச் சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியாவின் ஒயின்களுக்குச் சிவப்பு, வெள்ளை என்ற இரண்டு பிரிவுகளிலும் முதலிடம் கொடுத்த செய்தியை அதன் பிறகுதான் சொல்கிறேன். பெயர்ச்சீட்டு தெரிந்திருந்தால் அப்படியொரு முடிவு வந்திருக்காது என்பது என் எண்ணம். எங்கள் மேசையிலும் விலை குறைந்த புட்டி முன்னால் வருவது அடிக்கடி நடக்கிறது.

வாங்கும் நேரத்தில்தான் அழுத்தம் அதிகம். இலவசமாகச் சுவைத்துவிட்டு வெறுங்கையோடு போவது சரியா என்ற சங்கடம் விருந்தினருக்கு. விற்றால்தான் ஆயிற்று என்ற நெருக்கடி ஆலைக்கு. அதனால் காலையிலேயே ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு குவளைக்குப் பிறகும் தங்கள் சொந்தச் சொற்களில் இரண்டே இரண்டு சொல் எழுதச் சொல்லியிருப்பேன். பணப்பையைத் திறக்கும் முன் அந்தத் தாளைப் படியுங்கள், ஊற்றியவர் புகழ்ந்ததை அல்ல, நீங்கள் எழுதியதை வாங்குங்கள் என்று சொல்கிறேன். வாங்கியவற்றை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்ல வேண்டாம், வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், சுவையும் வெந்துவிடும் என்று சேர்த்துச் சொல்வேன். தாளைப் படித்துவிட்டு எதுவும் வாங்காமல் வண்டி ஏறுபவர்களும் உண்டு. ஆலைக்காரர்களில் சிலருக்கு இதில் மனத்தாங்கல் இருக்கிறது, என்னிடம் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனாலும் தாள் கொடுக்கும் வழக்கத்தை நான் நிறுத்தப் போவதில்லை.