அனந்தாய நாகராஜாய நம:

காலை யோக வகுப்பில் கண்மூடி உட்கார்ந்து எல்லோரும் ஒரே குரலில் சொன்ன அந்த வரி நம்மில் பலருக்கு இன்னும் வாயில் நிற்கும். அதன் பொருளும், எங்கே நிறுத்தி மூச்செடுப்பது என்பதும்தான் மறந்துபோயிருக்கும். நம் சங்க மலருக்காக அவற்றை இங்கே எழுதிவைக்கலாம்.

மணி ப்ராஜத் பணா ஸஹஸ்ர வித்ருத விச்வம்பரா மண்டலாய
அனந்தாய நாகராஜாய நம:

மணிகள் ஒளிரும் ஆயிரம் பாம்புப் படங்களால் பூவுலகைத் தாங்கி நிற்கும் நாகராஜன் அனந்தனுக்கு வணக்கம் என்பது பொருள். ஆசனம் கைகூட இதைச் சொல்ல வேண்டும் என்று யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையின் உரை ஜ்யோத்ஸ்னாவில் பிரம்மானந்தர் எழுதியிருக்கிறார். வேர் இன்னும் பழையது. பதஞ்சலி தம் யோகசூத்திரத்தில் ஆசனத்துக்கு ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள் (2.46 முதல் 48 வரை). நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது முதலாவது. அது எப்படி வரும் என்பதற்கு அடுத்ததில் விடை: முயற்சியைத் தளர்த்துவது, அனந்தத்தில் மனம் ஒன்றுவது. இங்கே அனந்தம் என்பது எல்லையற்ற வெளியா, ஆதிசேடனா என்று உரைகாரர்கள் பிரிகிறார்கள். வாசஸ்பதி மிச்ரர் ஆதிசேடன் பக்கம். பயிற்சிக்கு அதுவே வசதி. தலையில் உலகத்தைச் சுமப்பவன்தான் திருமாலுக்கு மெத்தையாகவும் கிடக்கிறான். உறுதியும் மென்மையும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இனி உட்காரும் முறை. சுவத்திகாசனம் போதும், திருமூலரும் ஆதனங்களுக்குள் அதைத்தான் சிறப்பித்துச் சொல்கிறார். பாத விரல்களை எதிர்க்காலின் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே செருகிக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் மடித்த கம்பளியைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து நாலு விரற்கடை ஏற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் இடுப்பெலும்பு பின்னால் சாயும், முதுகு கூனும், வயிறு மடிந்து உதரவிதானம் இறங்க இடமிருக்காது. அப்போது மந்திரம் 'விச்வம்பரா'வைத் தாண்டாது. குரல் அங்கே அறுந்தால் குறை நுரையீரலில் இல்லை, இருக்கையில்.

மூக்கால் மெல்ல மூச்செடுத்து, வெளிமூச்சில் சொல்லுங்கள். வரி முழுவதும் 31 அசைகள். நிதானமாகச் சொன்னால் பத்து, பன்னிரண்டு விநாடி பிடிக்கும். ஒரே மூச்சில் முடியாதவர்கள் 'மண்டலாய'வில் நிறுத்தி மூச்செடுக்கலாம். வேறெங்கும் வேண்டாம். 'மணி' முதல் அதுவரை ஒரே தொகைச்சொல். நடுவில் வெட்டினால் பொருளும் வெட்டுப்படும்.

உச்சரிப்பில் தமிழ் எழுத்து நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். 'ப்ராஜத்' என்பதன் முதலெழுத்து பாரதத்தின் ப. 'பணா'வில் வருவது பழத்தின் ப, கூடவே சிறிய ஊதல். அதை 'ஃபணா' என்று கீழுதட்டைப் பல்லில் உரசிச் சொல்வது பரவலான பிழை. 'நம:' என்பதன் முடிவில் வருவது மெல்லிய 'ஹ' மட்டும். 'நமஹா' என்று நீட்ட வேண்டாம். அந்த மூச்சோடு தோளும் தானே இறங்கும்.

ஆசனத்தில் நிற்கும்போது இந்த வரியே கடிகாரம். மரம்போல் நிற்கும் விருட்சாசனத்தில் ஒரு காலுக்கு மூன்று முறை, உட்கார்ந்த நிலையில் ஐந்து முதல் ஏழு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆசனம் சரியாக வராத பக்கத்தில் வேகம் கூடுவதைக் கவனியுங்கள்! எண்ணிக்கை மூன்றுதான், நேரம் பாதி. உடம்பு தப்பிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். குரல் நடுங்கினாலும், தாடை இறுகினாலும், 'நம:' முடிந்ததும் மூச்சை அள்ளி விழுங்க நேர்ந்தாலும் முயற்சி மிஞ்சிவிட்டது. வளைவைச் சற்றுக் குறையுங்கள், குரல் திரும்பிவிடும். இந்த மந்திரத்தின் பெரும்பயன் இதுவே என்பேன்: பக்தி இருக்கிறதோ இல்லையோ, பொய் சொல்லாத அளவுகோல் ஒன்று கையில் இருக்கிறது.

எல்லா ஆசனத்திலும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. உட்கார்ந்தும் நின்றும் செய்பவற்றில் வாசிகமாக, அதாவது வாய்விட்டே, சொல்லலாம். கால் நீட்டி முன்குனியும் பச்சிமோத்தானத்தில் வயிறு அமுங்குவதால் உதடு மட்டும் அசையும் உபாம்சு. சர்வாங்காசனம், ஹலாசனம் இரண்டிலும் மோவாய் தொண்டையை அடைத்திருக்கும்; சிரசாசனத்திலோ கழுத்தை அசைக்கவே கூடாது. இவற்றில் மனத்துக்குள் சொல்லும் மானஸம் ஒன்றுதான் வழி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி வரியை இழுக்க வேண்டாம். தலைகீழ் ஆசனங்களும் அவர்களுக்கு வேண்டாம்.

முழங்காலில் குத்துவலி வந்தால் வரியை முடிக்கக் காத்திராமல் காலை நீட்டிவிடுங்கள். மரத்துப்போவதும் அப்படித்தான், நரம்பு அழுந்துகிறது. வலியை மறக்க மந்திரம் சொல்வது பதஞ்சலி சொன்ன சுகத்துக்கு நேர் எதிர்.

சங்கக் கூட்டங்களில் சேர்ந்து சொல்லும்போது எல்லோரும் உரத்த குரல்காரரின் மூச்சைப் பின்பற்றுவார்கள். சிலருக்குத் தலை சுற்றுவதற்கு அதுதான் காரணம். தாழ்ந்த சுருதியில் ஒருவர் தொடங்கட்டும். மூச்சு எட்டாதவர்கள் 'மண்டலாய'வை விட்டுவிட்டு 'அனந்தாய'வில் சேர்ந்துகொள்ளலாம்.